டிவியில் வரும் அம்மா

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு கோழிக்கு மேக்கப் போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். கோழிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இத்தனை வருஷமாகத் தொலைக்காட்சியில் சமைக்கிறேன், இது மட்டும் இன்னும் பழகவில்லை. ஒரே பதார்த்தத்தை மூன்று தடவை செய்கிறோம். பச்சையாக ஒன்று, கேமரா முன்னால் நான் கிளறுவதற்கு. பாதி வெந்தது ஒன்று, மூடியைத் திறந்து "வாசனை அங்கே வரைக்கும் வருதா?" என்று கேட்பதற்கு. மூன்றாவது மேஜைக்கு அடியில் தயாராக இருக்கும். அது அழகுக்கு மட்டும். முழுசாக வேகவைத்தால் கோழி சுருங்கி, ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி ஆகிவிடுமாம். அதனால் தோல் மட்டும் சூடாகும் அளவுக்கு அனலில் காட்டி எடுத்து, பெயிண்டர் அதற்குப் பழுப்புச் சாயம் தீட்டுவார். பெயிண்டர் என்பது நான் வைத்த பெயர். சேனல் கொடுத்த பெயர் உணவு அலங்கார நிபுணர். பிரஷ், இடுக்கி, பளபளப்புக்குக் கிளிசரின் என்று எல்லாம் வைத்திருக்கிறார். உப்பு மட்டும் வைத்திருக்க மாட்டார்.

அந்தச் சாயக் கோழியில் ஒரு துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்று சொல்லி, கேமரா நகர்ந்ததும் மேஜைக்கு அடியில் இருக்கும் வாளியில் துப்ப வேண்டும். என் "ம்ம்ம்"முக்கு நாடு பூராவும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வாளியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

புதுத் தயாரிப்பாளர் வந்துவிட்டார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. கை குலுக்கிய கையோடு, "உங்க வேர் எங்க இருக்கு, செஃப்?" என்று கேட்டார். நான் செடி இல்லையே அம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. "மேம்பாலத்துக்குப் பக்கத்துல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சு முழுக்க வேர், வேர் என்றே போனது. இனிமேல் எனக்கு அவர் வேர் மேடம். அவர் சொன்னதன் சுருக்கம்: "நீங்க எங்க ஆளு மாதிரியே ஆயிட்டீங்க. பேச்சும் அப்படியே எங்க பேச்சு. ஜனங்க எதுக்கு உங்களப் பாக்கணும்? சேனல மாத்திடறாங்க."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அதனால் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போட்டார்கள், வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்று. கழுவுவதிலிருந்து காய் நறுக்குவது, அதிலிருந்து அடுப்பு, அதிலிருந்து டிவி. கூடவே நாக்கை வளைத்து வளைத்து இவர்கள் மொழியை இவர்கள் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டேன். இப்போது அதுதான் குறையாம். மனுஷனை எந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்கிறார்கள்?

மார்ச் 7, வெள்ளி

வேர் விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று கிளம்பிவிட்டாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் ஒருத்தராவது நிஜமான வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

மார்ச் 12, புதன்

எனக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள். நன்றாகப் பேசுவதற்கு அல்ல. கொஞ்சம் மோசமாகப் பேசுவதற்கு.

இந்த ஊர்க்காரர். எங்கள் ஊரை வரைபடத்தில் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். என் எதிரே உட்கார்ந்து, "உங்க ஆளுங்க 'ர'வ இப்படி உருட்டுவாங்க" என்று எனக்கே உருட்டிக் காட்டினார். ஒரு மாவரைக்கும் இயந்திரத்தின் நடுவில் கல் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் சத்தம் வரும். நானும் உருட்டினேன். "இன்னும் கொஞ்சம் தயங்குங்க. வார்த்தை கிடைக்காத மாதிரி மேல பாருங்க" என்றார். மேலே பார்த்தேன். விட்டத்தில் விளக்கு ஒன்று எரியவில்லை.

வகுப்பு முடிந்து போகும்போது, நல்ல முன்னேற்றம் என்று முதுகில் தட்டினார்.

மார்ச் 19, புதன்

இன்று சேனலில் அவசரக் கூட்டம்.

பார்வையாளர் எண்ணிக்கை விழுந்துகொண்டே போகிறதாம். அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவார்களா மாட்டார்களா என்பதை ஒரே ஒரு நிகழ்ச்சி முடிவு செய்யப் போகிறது. நேரலை. சிறப்பு விருந்தினர், என் அம்மா. "நீங்க எப்பவும் சொல்வீங்களே, அந்த அம்மா! அவங்கதான் உங்க வேர்!" என்று வேர் மேடம் கையைத் தட்டினார். அறையில் இருந்த எல்லோரும் தட்டினார்கள். கொஞ்சம் தாமதமாக நானும் தட்டினேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நான் எப்பவும் சொல்லும் அந்த அம்மாவும் மாடி அறையில் இருக்கும் என் அம்மாவும் ஒருவர் இல்லை.

திரையில் நான் வாரா வாரம் சொல்வது, "என் அம்மா இதை இப்படித்தான் செய்வாங்க." அந்த அம்மா விடியற்காலையில் எழுவாள், மசாலா அரைப்பாள், மகன் வாயில் ஊட்டிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைப்பாள். நிஜ அம்மா கணக்கு டீச்சர். அடுப்பைப் பற்றவைக்கவே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. எங்கள் வீட்டில் சமைத்தது அப்பா. தபால் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குள் போவார். அம்மா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். அவர் தாளிப்பார், இவள் சுழிப்பாள், இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அப்பா கையில் இருந்தது எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

நிகழ்ச்சி ஆரம்பித்தபோது இதை அப்படியேதான் சொன்னேன். அப்போது இருந்த தயாரிப்பாளர் பேனாவை எடுத்தார். "அப்பா சமைச்சார்னா, அம்மா செத்துட்டாங்களான்னு கேப்பாங்க. சமையல் நிகழ்ச்சில சோகம் எதுக்கு? அம்மான்னு போட்டுக்கலாம்." ஒரு கோடு. அப்பா போனார், அம்மா வந்தாள். எனக்கு வேலை வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, வாளி உள்பட. வேறு எங்கே எழுதப்போகிறேன், இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். அவளுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பாள். படம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பாவம்.

மார்ச் 20, வியாழன்

காலைச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"என்ன செய்யணும் அங்க?"

"சும்மா வந்து நிக்கணும்மா. ஒரு வாய் சாப்பிடணும். நல்லா இருக்குன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"நல்லா இல்லேன்னா?"

"நல்லாத்தாம்மா இருக்கும்."

"யாரு சமைக்கறது?"

"நான்தான்."

"ம்" என்றாள். இந்த "ம்" எனக்குப் பழக்கம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறாள். ஒரு நாளும் நல்லா இருக்கு என்றதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை. சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். நாடே என் சமையலைப் பாராட்டுகிறது, அந்த ஒரு விடைத்தாள் மட்டும் இன்னும் திருத்தப்படாமல் கிடக்கிறது.

"சரி, வரேன்" என்றாள். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது நல்லதாகப் படவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மனைவி சொல்கிறாள், "ஏங்க, அத்தைக்குப் பொய்யே வராதுங்க. பக்கத்து வீட்டம்மா புதுசா முடி வெட்டிக்கிட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'வளந்துடும்'னாங்க. நான்தான், 'ரொம்ப அழகா இருக்காம்'னு மாத்திச் சொன்னேன்."

அதையேதான் நானும் செய்யப்போகிறேன். அம்மா தமிழில் பேசுவாள். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன். அவள் "வளந்துடும்" என்றால் நான் "என் கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்பேன். யாருக்குத் தெரியப் போகிறது?

மார்ச் 27, வியாழன்

ஒத்திகை. அம்மா இல்லாமல்தான், அவளுக்குப் பதில் ஒரு விளக்குக் கம்பத்தை நிற்க வைத்தார்கள். கம்பத்தின் தோளில் கை போட்டு, "அம்மா, ஒரு வாய்" என்றேன். பெயிண்டர் கோழியின் தொடையைத் தடவிப் பார்த்து, போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் குறைவாகச் சூடுகாட்டினால் தோல் பூரித்து நிற்கும் என்றார்.

வேர் மேடத்துக்கு ஒரே கவலை. "அவங்க கண்ணுல தண்ணி வரணும். வரலேன்னா?"

"எங்கம்மா அழுது நான் பாத்ததில்ல."

"பரவால்ல, பக்கத்துல வெங்காயம் நறுக்கி வெச்சிடலாம்."

கலர் கலராக ஒரு உடுப்பும் கழுத்து கொள்ளாத மணிமாலையும் கொடுத்தனுப்பினார்கள். அம்மா பிரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள், பையில் போட்டாள். சாம்பல் நிற ஸ்வெட்டரும் கைக்கடிகாரமும்தான் போட்டுக்கொள்வாளாம். "நான் என்ன நாடகத்துலயா நடிக்கப் போறேன்?" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

நாளை. போனால் என்ன, டிவி ஒன்றுதான் உலகமா என்று கேட்டுக்கொண்டேன். ஆமாம், எனக்கு அதுதான் உலகம். ஆஸ்பத்திரி கேன்டீனில் மறுபடி உப்பில்லாத கஞ்சி காய்ச்ச என்னால் ஆகாது.

ஏப்ரல் 3, வியாழன்

மானம் கப்பலேறிவிட்டது. நேரலையில், மதியச் செய்திக்கு முன்னால்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எங்கே சறுக்கியது என்று.

அம்மா வந்தாள். கைதட்டினார்கள். ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தேர்வறையைப் பார்ப்பது போல அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் கிளறினேன், 'ர'வை உருட்டினேன், வார்த்தை கிடைக்காமல் மேலே பார்த்தேன். எல்லாம் நன்றாகவே போனது. மேஜைக்கு அடியிலிருந்து சாயக் கோழியை எடுத்தேன். தங்க விக்கிரகம் மாதிரி மின்னியது. ஒரு துண்டு எடுத்து, "அம்மா, ஒரு வாய்" என்று நீட்டினேன்.

வாளி இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

யாருக்கும் தோன்றவே இல்லை. பெயிண்டர் அரங்க உதவியாளர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாராம். அவர் வேர் மேடம் சொல்லியிருப்பார் என்று. வேர் மேடம், மகன் சொல்லாமலா இருப்பார் என்று. மகனுக்கோ, சாப்பாடு என்று கொடுத்தால் விழுங்கிவிடக்கூடிய மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோய்விட்டது. இத்தனை வருஷ டிவி வாழ்க்கையில் நான் சம்பாதித்தது இதுதான்.

அம்மா மென்றாள். இன்னும் மென்றாள். கேமரா நகரவில்லை, கண்ணீர் வரும் என்று அவள் முகத்துக்குக் கிட்டே கிட்டே போய்க்கொண்டிருந்தது. அவள் நிதானமாக அந்தத் துண்டை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் இருந்தது.

"உள்ள வேகலடா" என்றாள்.

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கேமராவைப் பார்த்து இந்த ஊர் மொழியில் சொன்னேன்: "பழைய ஞாபகமெல்லாம் வந்துவிட்டதாம் அம்மாவுக்கு."

அரங்கம் "ஓ" என்று உருகியது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "நான் என்ன சொன்னேன், நீ என்னடா சொல்றே?"

"'என் கைப்பக்குவம் அப்படியே இருக்கு' என்கிறார்" என்று மறுபடி கேமராவிடம் சொன்னேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனை அவள் அப்படிப் பார்த்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அப்புறம் என்னை விட்டுவிட்டாள். நேராகக் கேமராவைப் பார்த்து, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, இந்த ஊர் மொழியில், ஒவ்வொரு வார்த்தையாக, பின் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கோழி. உள்ளே. வேகவில்லை."

என் காதில் மாட்டியிருந்த கருவியில் வேர் மேடத்தின் மூச்சு நின்றது கேட்டது. பிறகு, "கேளுங்க! அவங்கன்னா எப்படிச் செய்வாங்கன்னு கேளுங்க! பேச்ச மாத்துங்க!"

நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. அம்மா தொடர்ந்தாள். "எனக்குச் சமையல் தெரியாது. எப்போதும் தெரியாது. இவன் அப்பா சமைப்பார். நல்ல சமையல். நான் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குத் திருத்துவேன்." கொஞ்சம் நிறுத்தி, வார்த்தை கிடைக்காமல் மேலே பார்த்தாள், நிஜமாகவே. "அவர் இப்போது இல்லை. அவர் வேகாமல் கொடுக்கமாட்டார்."

அந்தப் பேச்சுப் பயிற்சியாளர் எனக்குப் புகட்டப் பார்த்ததெல்லாம் அவளிடம் அசலாக இருந்தது. தயக்கம், உருட்டல், எல்லாம். நறுக்கி வைத்த வெங்காயம் வேலை செய்ய ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வழிய நின்றது நான்தான்.

விளம்பரம் போட்டார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று இதை எழுத முடியவில்லை. திரும்பி வர சேனல் கார் அனுப்பவில்லை. அம்மாவும் நானும் தெருமுனை நிறுத்தத்தில் நின்றோம். வந்த பஸ்ஸை ஓட்டியது என் மனைவி. எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அவளும் பார்த்திருக்கிறாள்.

முன் வரிசையில் உட்கார்ந்தோம். என் முகத்தில் இன்னும் பவுடர். ரெண்டு பேர் செல்போனில் எங்களைப் படம் எடுத்தார்கள்.

"உனக்கு இந்தப் பாஷ எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"உன் புரோகிராம் பாத்துத்தான். கீழ எழுத்து ஓடுதில்ல, அத வெச்சுக் கத்துக்கிட்டேன். ஒண்ணு விடாம பாத்திருக்கேன்."

ஒண்ணு விடாம. அப்படியென்றால் முந்தானை, மசாலா, விடியற்காலை, எல்லாம்.

"அப்ப... நான் அம்மா அம்மான்னு சொல்றதெல்லாம்..."

"கேட்டேன்." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மொதல்ல கோவம்தான். உங்கப்பா நின்னு நின்னு காலு வீங்கினவரு. அவரு பேரையே காணோமேன்னு. அப்பறம் பழகிடுச்சு. டிவில வர்ற உன் அம்மா வேற யாரோன்னு நெனச்சுக்கிட்டுப் பாப்பேன். நல்லவங்களாத்தான் இருந்தாங்க. உனக்கு ஊட்டில்லாம் விட்டாங்க. நான் எங்க ஊட்டினேன்?"

"அம்மா..."

"அதான் கூப்பிட்டதும் வந்தேன். அந்த டிவி அம்மா அங்க என்னதான் பண்றாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு. பாத்தா, வேகாத கோழிய என் வாயில வெச்சுட்டாங்க."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "எறங்கற எடம் வந்துடுச்சு" என்றாள் மனைவி, கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி.

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்த வீடியோத் துணுக்கை நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ரொட்டியைப் பிட்டுக் காட்டி, "உள்ள வெந்திருக்கு சார்" என்கிறார். ஒரு பத்திரிகை என் படத்தைப் போட்டு, 'தாயின் வாய்ச்சொல்லை மாற்றிய மகன்' என்று எழுதியிருக்கிறது. அழகான தலைப்பு. வேலை இல்லாதவனுக்கு இதையெல்லாம் ரசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

ஆமாம், வேலை இல்லை. வேர் மேடம் போன் செய்தார். "ஜனங்களுக்கு உங்க மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு, செஃப்." என்னைக் காதில் பூ சுற்றச் சொல்லி ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்தவர்கள், பூ தெரிந்துவிட்டது என்று கோபிக்கிறார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

நாள் முழுக்க வீட்டில். அடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேர் மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். பூங்கொத்தோடு. வாசலிலேயே என்னைத் தாண்டிப் போய் அம்மா கையில் கொடுத்தார்.

புது நிகழ்ச்சி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பெரிய பெரிய சமையல்காரர்கள் வந்து சமைப்பார்கள். அவள் சாப்பிட்டுப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்வாள். "இதுதாங்க நெஜமான வேர்!" என்றார் மேடம். போன மாதம் வெங்காயம் நறுக்கிவைக்கச் சொன்ன அதே வாய்.

நான் தேநீர் போட உள்ளே போனேன். யாராவது போட்டாக வேண்டுமே.

அம்மா நிபந்தனை போட்டாள். பாதி தமிழில், பாதி அவர்கள் மொழியில். சாயம் கூடாது. வாளி கூடாது. கேமராவுக்குக் காட்டுவதைத்தான் சாப்பிட வேண்டும், மிச்சத்தை அங்கே வேலை செய்கிறவர்கள் சாப்பிட வேண்டும். வாரம் ஒரு தடவை அவள் வீட்டுக்காரர் செய்ததில் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும், அவர் பெயரைத் திரையில் போட வேண்டும்.

"யாரு செய்வாங்க அத? அவருதான் இல்லையே" என்றார் மேடம்.

அம்மா தேநீர்த் தட்டோடு நின்ற என்னைக் கையால் காட்டினாள். "இவன் இருக்கான்ல. அவர் பக்கத்துல நின்னவன்."

மேடம் யோசித்தார். திரையில் வேண்டாம், பின்கட்டில் சமைக்கட்டும் என்றார். கூட மொழிபெயர்ப்பும் செய்யலாம், ஆனால் சொன்னதை மட்டும்.

நாட்டின் பிரபலமான முகத்துக்குப் பின்கட்டு. தேநீர்த் தட்டை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன். எங்கம்மா என் நாற்காலிய புடுங்கிட்டா, நான் என்ன எடுபிடியா, இத்தன வருஷம் ஒழச்சது இதுக்குத்தானா... எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "உங்கப்பாவும் பின்கட்டுலதாங்க இருந்தாரு. அவரு யாருகிட்டயும் பொலம்பின மாதிரி தெரியல."

அவளோடு சண்டை போட முடியாது. நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவள், பேச்சையும் தன் பக்கமே திருப்பிவிடுவாள். நாளை போய் கையெழுத்துப் போடுகிறேன். உட்கார்ந்தே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

மே 20, செவ்வாய்

கார் இப்போது அம்மாவுக்காக வருகிறது. அவள் பின் இருக்கையில். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், மடியில் பாத்திரங்களோடு.

அப்பாவின் கத்தரிக்காயைச் செய்தேன். பார்க்க அசிங்கமாக, சேற்று நிறத்தில் இருக்கும், நிகழ்ச்சியில் இத்தனை வருஷம் காட்ட விடவே இல்லை. பெயிண்டர் எட்டிப் பார்த்து வேதனைப்பட்டார். பிரஷ் இல்லாத கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். அப்புறம் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் சமைத்ததை அவர் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி முடிவில் அப்பாவின் பெயர் திரையில் மேலே நகர்ந்து போனது. சமையல் என்று போட்டு, பக்கத்தில் அவர் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அது உறுத்தவில்லை என்றால் பொய், ஆனால் நினைத்த அளவுக்கு உறுத்தவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு பெரிய ஓட்டல்காரரின் சூப்பைக் குடித்துவிட்டு, "வெந்நீர்" என்றாள் அம்மா. மொழிபெயர்த்தேன். சொன்னதை மட்டும். இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் இதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஒரு பத்திரிகைக்காரப் பெண் அம்மாவைப் பேட்டி எடுக்க வந்தாள். மேக்கப் அறையில். நீளமாகப் பேச அம்மாவுக்கு இன்னும் வார்த்தை போதவில்லை, அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போய் நின்றேன். மேல்துணியில் எண்ணெய்க் கறை. அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பள்ளிக்கூடம், கணக்கு, அப்பா என்று எல்லாம் கேட்டாள். அம்மா சொன்னாள், நான் சொன்னேன். கடைசியில், "உங்க மகனும் முன்னாடி டிவியில சமைச்சார்னு கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக்காரர் அளவுக்கு வருவாரா?" என்றாள்.

நான் கேள்வியைத் தமிழில் மாற்றினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள், "அவங்கப்பாவ விட இவன் கை ஒரு படி மேலதான். வந்த அன்னிக்கே தெரியும். அவரு இருந்த வரைக்கும் அவரவிட ஒசத்தியா யாரையும் சொன்னதில்ல. இப்ப சொன்னா மட்டும் அவருக்குக் கஷ்டமா இருக்காதா? அதான் வாயத் தொறக்கல."

பத்திரிகைக்காரப் பெண் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றாங்க?"

மேல்துணியில் கையை மறுபடி துடைத்தேன். அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"'சுமாராகச் செய்வான்' என்கிறார்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருத்தவில்லை.

அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.